சிறுபிள்ளை அளவு

கரமனை, திருவனந்தபுரம்
கொல்லம் 1110 ஐப்பசி 9 (1934)

அன்புள்ள அண்ணனுக்கு வடிவாம்பாள் வணக்கம்.

நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். மழை வந்தால் வருகிற இருமல் அவருக்கு வந்துவிட்டது. அவர் இருமுவதைக் கேட்டுத்தான் ஆபீசில் குடை எடுத்து வைக்கிறார்களாம். பொன்முடியில் குளிர் எப்படி? எஸ்டேட் டிஸ்பென்சரியில் எல்லோருக்கும் மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டர் அண்ணன் தம் மூட்டுவலியைக் கவனிக்கிறாரா? பூதப்பாண்டியிலிருந்து மைனியும் உங்கள் மகள் சூடாமணியும் எழுதினார்களா?

பள்ளிக்கூட வேலையை விட்டு நான் இந்தக் காரியத்தில் இறங்கியது உங்களுக்குப் பிடிக்கவில்லை. தெரியும். இருந்தாலும் திங்கட்கிழமை நடந்ததை உங்களுக்கு எழுதாமல் யாருக்கு எழுத? சாலைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் வெளிப்பூட்டு போட்டு உள்ளே பெண்களை வைத்திருக்கும் ஒரு வீடு. வலியசாலை வக்கீல் ராமசுப்ரமணியனின் மனைவி விஜயமும் நானும் ஒரு கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில் போனோம். கான்ஸ்டபிள் சந்து முனையிலேயே நின்றுவிட்டார். "அம்மா, இது வலிய ஆளுகளோட வீடாணு. நமக்குப் போகாம்" என்று திரும்பிப் போகக் கூப்பிட்டார். விஜயம் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். மடிசார் கட்டிய மாமி நிற்பதைப் பார்த்து, ஏதோ பூஜைக்கு அழைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ, பக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள். நான்கு பேரோடு வெளியே வந்தோம். முன்பே இருக்கிற ஐந்து பேரோடு சேர்த்து நம் வீட்டில் இப்போது ஒன்பது பேர்.

நால்வரும் பணகுடிப் பக்கம். பொன்முடியில் கொழுந்து கிள்ள வேலை என்று சொல்லி திரவியம் என்ற கங்காணி கூட்டிவந்திருக்கிறான். வித்துராவில் சில நாள் வைத்திருந்து, மலைக்கு ஏற்றாமல் இங்கே கொண்டுவந்து விற்றுவிட்டான். அடுத்தது கொழும்பு என்று பேசிக்கொண்டார்களாம். சனிக்கிழமை தோறும் நீங்கள் வித்துரா சந்தைக்கு இறங்குவீர்களே, இவனைத் தெரியுமா?

இன்னொன்று. வந்தவர்களில் ஒருத்திக்கு முறைக்காய்ச்சல். கொயினா எவ்வளவு கொடுக்கட்டும்? உடனே எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
வடிவாம்பாள்


பொன்முடி
1110 ஐப்பசி 21

சௌபாக்கியவதி வடிவுக்கு அண்ணன் பகவதிப்பெருமாள் ஆசீர்வாதம்.

உன் கடிதம் மழையில் நனைந்து வந்தது. அஞ்சல்காரர் அடுப்பில் காட்டி உலர்த்திக் கொடுத்தார். எனக்கு மூட்டைத் தவிர மற்றதெல்லாம் சௌகரியம். பத்து நாளாக எதிரே நிற்கும் ஆள் தெரியாத மூடுபனி. கூலிக்காரர் லயங்களில் வீட்டுக்கொரு காய்ச்சல். மாப்பிள்ளையின் இருமலுக்கு ஆடாதோடை கஷாயம் கொடுத்துப் பார்.

வித்துரா சந்தையில் கங்காணிகள் நூறு பேர் திரிவார்கள். திரவியம் என்று யாரையும் எனக்குத் தெரியாது. நீ செய்வது புண்ணிய காரியமாக இருக்கலாம். ஆனால் குடும்பத்துப் பெண் போய் நின்று கதவைத் தட்டுகிற வீடு அல்ல அது. சூடாமணிக்குத் தையில் முகூர்த்தம் பார்க்கிறார்கள். அத்தையைப் பற்றிச் சம்பந்தி வீட்டார் விசாரிக்கும்போது நான் என்ன பதில் சொல்வது? யோசி.

காய்ச்சலுக்குக் கொயினா ஐந்து கிரெயினுக்கு மேல் வேண்டாம். பெரியவர்களுக்குப் போல பத்து கொடுத்தால் காது அடைத்து வாந்தி எடுத்துவிடும். சிறுபிள்ளை அளவே போதும். கசப்புக்கு வாயை இறுக்கிக்கொள்ளும். தேனில் குழைத்துக் கொடு.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

பகவதிப்பெருமாள்


கரமனை
1110 ஐப்பசி 29

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

கஷாயம் கொடுத்தேன். இருமல் பாதியாகிவிட்டது, குறை சொல்வது குறையவில்லை. நீங்கள் எழுதிய கொயினாவும் கேட்டது. காய்ச்சல்காரி எழுந்து நடமாடுகிறாள். பெயர் பொன்னம்மை. என் பழைய பாவாடையை அவள் இடுப்பில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டிவிட்டிருக்கிறேன்.

திரவியம் ஓடி ஒளிவான் என்று நினைத்தோம். அவன் ஜவ்வாதுப் பொட்டோடு, பொன்னம்மையின் சித்தப்பனையும் ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தான். பெண்ணுக்கு வயது பதினேழு, வேலைக்காகத் தானே இஷ்டப்பட்டு வந்தவள், நான்தான் அவளைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறேன், சித்தப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மனு. சித்தப்பனைக் கண்டதும் அவள் விஜயத்தின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

எல்லாம் வயதில்தான் நிற்கிறது என்கிறார் ராமசுப்ரமணியன். பதினாறு தாண்டியவள் என்றால் தானாக வந்தவள். தாண்டாதவள் என்றால் ஆள் கடத்தல், திரவியம் உள்ளே போவான். பதினேழு என்பதற்குச் சீட்டு இருக்கிறதாம். நாங்கள் இன்னும் அதைப் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரிச் சீட்டு என்கிறார்கள். அண்ணா, யாரோ உங்கள் பெயரைத் திருடியிருக்கிறார்கள். ஒரு நாள் லீவு போட்டு வந்து, இது என் கையெழுத்து இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பதில் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குளிரில் வெளியே அலையாதீர்கள்.

வடிவாம்பாள்


கரமனை
1110 கார்த்திகை 20

அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பூதப்பாண்டியிலிருந்து வந்தவர் சொன்னார். அதனால், மூன்று வாரமாக எனக்குக் கடிதம் வராததற்குக் காரணம் உடம்பு இல்லை.

நேற்று கோர்ட்டில் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். "பொன்னம்மை, வயது 17, எஸ்டேட் வேலைக்கு உடல் தகுதி உண்டு." கீழே உங்கள் கையெழுத்து. கையெழுத்தை யாரும் வரையலாம். ஆனால் அந்த 7 என்ற எண்ணைப் படுக்கவைத்து எழுதுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். நம் அப்பா போனபிறகு, நீங்கள் மலையில் சம்பாதித்து என்னைப் படிக்க வைத்தீர்கள். அந்தப் படிப்பை வைத்துத்தான் நேற்று அதைப் படித்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் பழைய கடிதத்தை எடுத்தேன். காய்ச்சல்காரிக்கு என்ன வயது என்று நான் உங்களுக்கு எழுதவே இல்லை. நான்கு பேரில் எவள் என்றும் எழுதவில்லை. நீங்கள் சிறுபிள்ளை அளவு என்று எழுதினீர்கள். வாயை இறுக்கிக்கொள்ளும் என்று எழுதினீர்கள். அவள் அப்படித்தான் இறுக்கிக்கொண்டாள்.

இனி நான் கேட்பது நீங்கள் அவளைப் பார்த்தீர்களா என்று இல்லை. பார்த்துவிட்டு ஏன் எழுதினீர்கள் என்று கேட்கிறேன்.

மார்கழி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்யும்படி வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். உங்கள் மாப்பிள்ளையைத் தேவிகுளத்துக்கு மாற்றுவதாக ஆபீசில் காதுபடப் பேசுகிறார்கள். மனுவை எதிர்ப்பதை நான் நிறுத்தப் போவதில்லை.

மருந்து சாப்பிடுகிறீர்களா? பதில் எழுதுங்கள்.

வடிவாம்பாள்


பொன்முடி
1110 கார்த்திகை 30

வடிவுக்கு ஆசீர்வாதம். நான் சுகம். எல்லோரும் சுகம்தானே.

டாக்டர் மாதத்தில் ஒரு நாள்தான் மலைக்கு வருவார். மற்ற நாளில் சீட்டு நான்தான் எழுதுகிறேன். அடைமழையில் கீழே இறங்க முடியாதபோது, கையெழுத்துப் போட்ட வெற்றுச் சீட்டுகள் சிலவற்றை வித்துராவில் கொடுத்து வைத்ததுண்டு. அதை யார் எப்படி நிரப்பினார்களோ, எனக்குத் தெரியாது. கொயினா விஷயத்தில் எச்சரிக்கையாக எழுதினேன், அவ்வளவே.

சூடாமணியின் முகூர்த்தம் தை இருபத்தொன்று என்று நிச்சயமாகிவிட்டது. பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று. பெண்ணை அவள் ஊருக்கு அனுப்பிவிட்டு, கோர்ட்டுக்கு வெளியே இதை முடித்துக்கொண்டால் யாருக்கும் சேதமில்லை. உனக்காக நான் எதையும் செய்ததாக இதுவரை சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

இங்கே பனி அதிகம். மாப்பிள்ளை உடம்பைக் கவனித்துக்கொள்.

பகவதிப்பெருமாள்


கரமனை
1110 மார்கழி 6

அண்ணனுக்கு வணக்கம்.

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. முந்தாநாள் யாரோ வாசற்கதவில் தார் பூசிவிட்டுப் போனார்கள். கழுவ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தார் பட்ட மரம் கரையான் அரிக்காது என்று உங்கள் மாப்பிள்ளை சந்தோஷப்பட்டார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல வந்தபோது, ஒன்பது பெண்களும் வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

வெற்றுச் சீட்டு என்கிறீர்கள். கையெழுத்து மட்டும் உங்களுடையது என்றால் நம்பியிருப்பேன். வயதும் உங்கள் எழுத்து. பொன்னம்மையை உட்காரவைத்து, உன்னை மலைக்காரர் யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். அவள் சொன்னதை அவள் வாயால் வந்தபடி எழுதுகிறேன்.

"சந்தைக்குப் பின்னால ஒரு கடைக்குள்ள கண்ணாடி போட்ட ஐயா ஒருத்தரு வந்தாரு. நாக்க நீட்டச் சொன்னாரு. மருந்து தந்தாரு. நல்ல ஐயா மாதிரி இருந்துச்சு. நான் ஊருக்குப் போவட்டான்னு கேட்டேன்."

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"பேனா மூடியத் தொறந்தாரு."

இதைக் கேட்ட பிறகு, வெளியே முடித்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வெளி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவளைப் பணகுடிக்கு அனுப்பினால் சித்தப்பன் அடுத்த வாரமே இன்னொரு கங்காணியிடம் கொடுப்பான்.

அந்தக் கம்பவுண்டர் என் கூடப்பிறந்தவர் என்று ராமசுப்ரமணியனிடம் சொல்லிவிட்டேன். எதிர்க்கட்சி கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நாமே கோர்ட்டில் சொல்லிவிடுவோம் என்றேன். அவர் பூணூலை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "அண்ணாவை நீங்களே கூண்டில் ஏத்தறேள், தெரியறதோ?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன்.

விசாரணை தை இருபது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள். தேதியை நான் வைக்கவில்லை, கோர்ட்டு வைத்தது. நீங்களாக வந்தாலும் சரி, சம்மன் வந்து வந்தாலும் சரி. நான் உங்கள் தங்கைதான். அதற்காக அவளை விட முடியாது.

கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

வடிவாம்பாள்


பூதப்பாண்டி
1110 மார்கழி 19

வடிவுக்கு மைனி பிச்சம்மாள் எழுதிக்கொள்வது. சூடாமணி கையால் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். உன் வீட்டுக்காரர் இருமல் தேவலையா?

உன் அண்ணன் திருவாதிரைக்கு வந்து நாலு நாள் இருந்தார். களி செய்து வைத்தேன், தொடவில்லை. முகூர்த்தச் சேலை எடுத்து வந்ததைப் பிரித்துக் காட்டினேன், நல்லாயிருக்கு என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் உன் கடிதம் இருந்தது. எனக்கு எழுத்து தெரியாது. சூடாமணியை வாசிக்கச் சொன்னேன். வாசித்த பிறகுதான், இவளை வாசிக்கச் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

நான் உன்னை ஏச எழுதவில்லை. ஏசத்தான் நினைத்தேன். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் எல்லாம் போயிற்று. ஊரில் தலை காட்ட முடியாது. ஆனால் அவரிடம் அந்தப் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டேன். கிணற்றடிக்கு எழுந்து போய்விட்டார். மறுபடி கேட்டேன். மலைக்குப் போய்விட்டார். இருபது வருஷத்தில் நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவர் போனதில்லை.

அதனால் உன்னைக் கேட்கிறேன். சீட்டில் எழுதினது வேண்டாம். நிஜமாக எத்தனை? ஒரு வார்த்தை எழுது. கூட்டிக் குறைக்காதே.

பிச்சம்மாள்

அத்தை, அம்மா உள்ளே போய்விட்டாள். எனக்கு வருகிற பங்குனியில் பதினைந்து முடிகிறது. சூடாமணி.


கரமனை
1110 மார்கழி 24

மைனிக்கு வடிவாம்பாள் வணக்கம்.

அவர் இருமல் தேவலை. நீங்களும் குழந்தையும் சுகமென்று அறிந்து சந்தோஷம்.

கோர்ட்டு அனுப்பிய லேடி டாக்டர் பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்குள் என்கிறார். எதிர்க்கட்சி, அது உத்தேசம் என்று தள்ளுகிறது. ஆனால் அவள் தன் ஊர்க்காரர்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு கணக்கு சொல்கிறாள். ஊர்க்குளம் உடைந்த வருஷம் அவள் கைக்குழந்தை. நானும் ஊருக்கு ஆளனுப்பி விசாரித்துவிட்டேன்.

பதின்மூன்று.

வடிவாம்பாள்


பொன்முடி
1110 தை 10

வடிவுக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். கால் அலம்பி உட்கார்ந்ததும் உன் மைனி, நீ அவளுக்கு எழுதிய கடிதத்தைச் சூடாமணியிடம் கொடுத்து என் முன்னால் வாசிக்கச் சொன்னாள். கடைசி வார்த்தையை வாசித்துவிட்டுக் குழந்தை என்னைப் பார்க்காமல் கடிதத்தை மடித்தாள். நான் அங்கே சாப்பிடவில்லை. சாப்பிடு என்று யாரும் சொல்லவும் இல்லை.

திரவியத்தை எனக்கு நான்கு வருஷமாகத் தெரியும். தெரியாது என்று எழுதியது பொய். வெற்றுச் சீட்டு என்று எழுதியதும் பொய். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, சந்தைக் கடையின் உள்ளறையில் ஆறு பேரை நிறுத்தியிருந்தான். ஐந்து பேர் பெரியவர்கள். அவளுக்குக் காய்ச்சல். கையைத் தொட்டதுமே சிறு பிள்ளை என்று தெரிந்தது. கூடக் கொண்டுபோயிருந்த டிஸ்பென்சரிப் பதிவேட்டில் அவள் பெயரை எழுதி, சிறுபிள்ளை அளவு, கொயினா ஐந்து கிரெயின் என்று குறித்துக் கொடுத்தேன். அளவு தவறினால் உயிருக்கு ஆபத்து. அதில் நான் ஒருநாளும் பொய் எழுதினதில்லை. பிறகு அதே பேனாவால் சீட்டில் பதினேழு என்று எழுதினேன். ஊருக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

ஏன் என்று கேட்டிருந்தாய். வயதைப் பார் என்று எஸ்டேட் துரை சொல்லவில்லை. பார்க்காதே என்றும் சொல்லவில்லை. லயத்தில் ஆள் குறைந்தால் எல்லோர் மேலும் பாய்வார். திரவியம் ஆள் குறையாமல் கொண்டுவருவான். சந்தையில் பார்த்த முகம் மலையில் காணோமே என்று இரண்டு மூன்று தடவை தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. இதைவிட நல்ல காரணம் இருந்தால் உனக்குச் சொல்லியிருப்பேன்.

இவளைத் தவிர இன்னும் ஏழு பேருக்கு அப்படி எழுதியிருக்கிறேன். ஏழு பெயரும், பதிவேட்டில் உள்ள ஊரும் தனித்தாளில் இதோடு வைத்திருக்கிறேன். விசாரணை வரை காத்திருக்காதே. இன்றே தேட ஆளனுப்பு.

டிஸ்பென்சரிச் சாவியை நாளைக்குள் ஒப்படைக்கும்படி துரை சொல்லியிருக்கிறார். பதிவேட்டை எடுத்துக்கொண்டு நாளை காலை இறங்குகிறேன். என்னை ஏற்றவேண்டாம் என்று பஸ்காரனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நடந்தே வித்துராவுக்கு வந்துவிடுவேன். வழியில் யாராவது தடுத்தாலும் பெயர்களாவது உன் கைக்கு வந்து சேரட்டும் என்றுதான் இதை முன்னால் அஞ்சலில் போடுகிறேன்.

எனக்காக வக்கீல் பார்க்க வேண்டாமென்று மாப்பிள்ளையிடம் சொல். நீ சௌக்கியமாக இரு.

பகவதிப்பெருமாள்


பூஜப்புரை ஜெயில்
1110 சித்திரை 15

வடிவுக்கு ஆசீர்வாதம்.

மாதம் ஒரு கடிதம் அனுமதி. முதல் கடிதத்தை உன் மைனிக்கு எழுதினேன், பதில் இல்லை. இது உனக்கு. இங்கே சாப்பாடும் உறக்கமும் குறைவில்லை. ஜெயில் ஆஸ்பத்திரியில் புட்டி கழுவுகிறேன். மருந்தைத் தொட விடுவதில்லை. அது நியாயம்தான்.

கூண்டில் நின்றபோது எதிர்க்கட்சி வக்கீல், தங்கைக்காகப் பொய் சொல்கிறீரா என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? சீட்டுதான் பொய், பதிவேடு நிஜம் என்றேன். மாஜிஸ்ட்ரேட் பதிவேட்டை வாங்கி, அந்தச் சிறுபிள்ளை அளவு என்ற வரியைச் சத்தமாக வாசித்தார். நீ அப்போது கீழே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மாசிக் கடைசியில் கிடைத்த ஆறு மாதத்தைவிட அது கனமாக இருக்கிறது.

ஒரு விண்ணப்பம். இனி எந்த எஸ்டேட்டும் என்னை எடுக்காது. ஆவணியில் வெளியே வந்ததும் உன் வீட்டிலேயே ஒரு மூலையில் இருந்து, வருகிற பெண்களுக்குக் காய்ச்சல் தலைவலி பார்த்துக்கொண்டு காலத்தைக் கழிக்கலாமா? எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியாது. நீ மாட்டேன் என்று சொல்லமாட்டாய் என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எந்தக் குறையும் வராதிருக்கட்டும்.

பகவதிப்பெருமாள்


நேமம் சாலை, கரமனை ஆற்றுக்கு அக்கரை
1110 ஆனி 11

அன்புள்ள அண்ணனுக்கு வடிவாம்பாள் வணக்கம்.

நாங்கள் சுகம். விலாசத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பீர்கள், வீடு மாறிவிட்டோம். அந்த வீட்டுக்காரர் கடைசியில் கூரை ஓடுகளைப் பிரித்துவிட்டார். மழையில் நனைந்துகொண்டே சட்டி பானையோடு ஆற்றைத் தாண்டினோம். இது பழைய நெற்களஞ்சியம், இன்னும் பெரியது. உங்கள் மாப்பிள்ளைக்குத் தேவிகுளம் உத்தரவு வந்தேவிட்டது. போய்ச் சேர்ந்து, அங்கே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், வந்து கூட்டிப் போ என்று எழுதியிருக்கிறார். மாற்றியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

திரவியத்துக்கு ஐந்து வருஷம் உறுதியாகிவிட்டது. சித்தப்பனுக்கு ஒரு வருஷம். நீங்கள் எழுதிக் கொடுத்த ஏழு பேரில் நான்கு பேரைக் கண்டுபிடித்தோம். இரண்டு பேர் கொல்லத்தில், ஒருத்தி ஆலப்புழையில். ஒருத்தியைத் தூத்துக்குடியில் கப்பல் ஏறும் வரிசையில் வைத்து விஜயம் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மூன்று பேர் கிடைக்கவில்லை. கொழும்புக்கு வாரம் ஒரு கடிதம் போடுகிறேன். பதில் வராவிட்டாலும் போடுவேன்.

உங்களுக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், நான் எழுதுகிறேன். சூடாமணியின் சம்பந்தம் முறிந்துவிட்டது. விசாரணைக்கு மறுநாள், கட்டிய பந்தலை மைனியே ஆள் வைத்துப் பிரித்தாள். அழவில்லை என்று சொல்கிறார்கள். நான் போயிருந்தபோது என்னை உள்ளே கூப்பிட்டு இலை போட்டாள். போதும்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பதில் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. பதின்மூன்று பேரையும் உட்காரவைத்து உங்கள் கடிதத்தை அப்படியே வாசித்தேன். வைத்தியம் தெரிந்த ஆள் கூட இருந்தால் நல்லது என்று சிலர் சொன்னார்கள். கோர்ட்டில் உண்மையைச் சொன்னவர்தானே, வரட்டும் என்றாள் ஆலப்புழையிலிருந்து வந்தவள். பொன்னம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லோரும் பேசி முடித்த பிறகு, முறத்திலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்.

"அவரு இங்க வரண்டாம்."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேர் சரி என்றாலும் அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இந்த வீட்டை நான் நடத்துகிறேன், ஆனால் கதவு யாருக்குத் திறக்கும் என்பதில் என் அண்ணன் என்பதற்கு இடமில்லை. "நீ மாட்டேன் என்று சொல்லமாட்டாய்" என்று எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன்.

ஆவணி இருபத்தேழு காலையில் ஜெயில் வாசலில் நான் நிற்பேன். மைனியும் வருகிறேன் என்றிருக்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இனி எழுந்து போகக் கூடாது என்று மட்டும் சொல்லியனுப்பினாள். மூன்று பேரும் ஒரு கடையில் காப்பி குடிப்போம். பிறகு நீங்கள் மைனியோடு நாகர்கோவில் பஸ் ஏறுங்கள். நான் இங்கே வந்துவிடுவேன். பூதப்பாண்டியிலும் காய்ச்சல்காரர்கள் இருக்கிறார்கள்.

அவள் மனம் மாறினால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களாகக் கேட்டு எழுத வேண்டாம். என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லையென்றால், அவள் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நன்றாகச் சாப்பிடுங்கள். இளைத்துவிட்டீர்கள் என்று விஜயம் சொன்னாள்.

உங்கள் தங்கை,
வடிவாம்பாள்